பெட்டியில் பெயர் இல்லை

1979-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இயங்கிய அட்டாரி நிறுவனத்தில், எந்த கேம் எவ்வளவு விற்றது என்ற உள்சுற்றறிக்கை ஒன்று புரோகிராமர்களின் கைக்கும் வந்தது. டேவிட் கிரேன், லாரி கப்ளான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 10 கோடி டாலர் கேட்ரிட்ஜ் விற்பனையில் ஏறத்தாழ 60 சதவீதம் அவர்கள் எழுதிய கேம்களால் வந்தது. அவர்களுடைய சம்பளமோ ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். பெட்டியில் பெயர்கூடக் கிடையாது. தலைவர் ரே கஸாரிடம் போய்க் கேட்டபோது, கேட்ரிட்ஜைப் பொருத்தும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்ல என்று அவர் சொன்னதாகக் கிரேன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதைக் கஞ்சத்தனமான முதலாளியின் கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. ஜவுளித் துறையிலிருந்து வந்த கஸார், கேம் எழுதும் பிரிவில் நடந்த வேலையின் தன்மையையே தவறாகப் புரிந்துகொண்டார். அதற்கான சான்று அவர்கள் கேம் எழுதிய இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த இயந்திரம், 1977-ல் வெளிவந்த அட்டாரி விசிஎஸ். அதன் வேலை நினைவகம் வெறும் 128 பைட். ஒரு முழுத் திரைப் படத்தைச் சேமிக்க அதில் இடமே இல்லை. அதனால் தொலைக்காட்சி ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு போகும்போதே, அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதைப் புரோகிராம் உடனுக்குடன் சொல்ல வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது பிராசஸரின் 76 துடிப்புகள்தான். பாங், டேங்க் போன்ற கேம்களை மனத்தில் வைத்துச் செய்த சிப் என்பதால், நகரும் உருவங்கள் இரண்டு, குண்டுகள் இரண்டு, பந்து ஒன்று, அவ்வளவே. இதில் 1980-ல் அட்டாரியின் ரிக் மாரர் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் 36 வேற்றுலகவாசிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓர் உருவத்தை ஒரே கோட்டில் மூன்று பிரதிகளாகக் காட்டும் வசதி சிப்பில் இருந்தது. இரண்டு உருவங்களுக்கும் அதைப் பயன்படுத்தினால் வரிசைக்கு ஆறு. அதே இரண்டையும் கீழே கீழே மீண்டும் பயன்படுத்தினால் ஆறு வரிசை. இங்கே ஓவியம், விளையாட்டின் விதி, கோடிங் மூன்றையும் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்க வழியில்லை. ஒருவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து முழு கேமையும் எழுதினார். அவரை ஆசிரியர் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்ரிட்ஜ் பொருத்தும் தொழிலாளியின் உழைப்பை இது குறைத்துவிடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

மூலதனம் போட்டு நஷ்டத்துக்குத் துணிந்தது நிறுவனம். ஸ்பேஸ் இன்வேடர்ஸே ஜப்பானின் டைட்டோவிடம் உரிமம் பெற்றது. மக்கள் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் உரிமம் கொடுத்தது பெயரையும் மாதிரியையும் மட்டுமே. ஆர்கேட் இயந்திரத்தின் 55 உருவங்களை 36 ஆக்கி, ஆட்டத்தின் விறுவிறுப்பு கெடாமல் தந்தது மாரரின் தீர்மானம். 1979-ல் நால்வரும் வெளியேறி, ஜிம் லெவியுடன் ஆக்டிவிஷனைத் தொடங்கியது இன்னும் வலுவான பதில். அட்டாரியின் பெயர் இல்லாமல், எழுதியவரின் பெயரைப் போட்டே அவர்கள் விற்றார்கள். 1982-ல் வெளிவந்த கிரேனின் பிட்ஃபால் 40 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

அட்டாரியின் இன்னொரு புரோகிராமரான வாரன் ராபினெட், தன் பெயரைப் பதிக்க வேறு வழி தேடினார். அட்வென்ச்சர் கேமில், பின்னணியின் நிறத்திலேயே இருக்கும் ஒரு சிறு சாம்பல் புள்ளியைத் தூக்கிச் சென்றால் திறக்கும் ரகசிய அறையில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமலேயே வேலையை விட்டார். 4,096 பைட்டுக்குள் ஒவ்வொரு பைட்டுக்கும் அல்லாடிய மனிதர், அதில் ஏறத்தாழ 5 சதவீதத்தைப் பெயருக்காகச் செலவழித்தார் என்றால், அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்! கேமுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற சமாதானமும் நிற்கவில்லை. 1981-ல் அட்டாரியிலிருந்து இன்னொரு குழு பிரிந்துபோய் இமேஜிக் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, அட்டாரியே அதைச் செய்தது: 1982-ல் வந்த பாக்-மேனை எழுதிய டாட் ஃப்ரைக்கு ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்கும் ராயல்டி கணக்கிட்டுக் கொடுத்தது.