நாரி நோவுக்கும் ஒரு வரலாறு உண்டு



1990இல் எனக்குப் பத்தொன்பது வயது. மாலையில் கல்லூரி, பகலில் வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் அரிசி மூட்டை இறக்கும் வேலை. ஒருநாள் குனிந்தவன் நிமிர முடியவில்லை. நாரியில் தொடங்கிய நோ மின்சாரம்போல் காற்பெருவிரல் வரை இறங்கியது. வீட்டில் 'நாரிப்பிடிப்பு' என்றார்கள். 'இந்த வயதில் டிஸ்க் விலகாது' என்று வைத்தியரும் குளிசை தந்து அனுப்பினார். ஊருக்குக் காசு அனுப்பவேண்டிய காலம். நோகிறது என்று திரும்பச் சொல்ல நாக்கு எழவில்லை. எட்டு மாதம் கழித்துப் படம் எடுத்தபோது டிஸ்க் விலகியிருப்பது தெரிந்தது.

அந்த வைத்தியரைக் குறை சொல்லி என்ன பயன்? மருத்துவ உலகமே இந்த நோயை அடையாளம் காண நீண்டகாலம் எடுத்தது.

1764இல் நேப்பிள்ஸ் நகர வைத்தியர் கொட்டூன்யோ, காலுக்கு இறங்கும் இந்த நோ நரம்பிலிருந்து வருவது என்று எழுதினார். நரம்பை அழுத்துவது எது என்பது அவருக்குத் தெரியவில்லை. 1881இல் பிரான்சில் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட், படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்க்கும் சோதனையை எழுதிவைத்தார். வைத்தியர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். ஆனால் தசைதான் நரம்பை அழுத்துகிறது என்று அவர் எண்ணினார். 1934இல்தான் பொஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்தவற்றில் பல பிதுங்கிய டிஸ்க்குகளே என்று காட்டினார்கள். 1940களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு நடந்த சத்திரசிகிச்சையும் மருத்துவ ஏட்டில் பதிவானது.

சாதாரண எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, நம்மவர் பலர் வாழும் விம்பிள்டனில், அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கான் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. டிஸ்க்கையும் நரம்பையும் தெளிவாகக் காட்டியது.

இளம் வயதில் இந்நோய் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. வளரும் பிள்ளைகளில் முள்ளந்தண்டு எலும்பின் ஓரம் முழுதாக ஒட்டியிராது. பெருஞ்சுமை தூக்கினாலோ விளையாட்டில் விழுந்தாலோ டிஸ்க்குடன் எலும்புத்துண்டும் பெயரலாம். பெரியவர்களைப்போல் விறைப்பும் பலவீனமும் பெரிதாகத் தெரியாது. முதுகு இறுகும், உடல் ஒருபக்கம் சாயும், நீட்டிய காலை உயர்த்த முடியாது. அதனால்தான் 'பஞ்சி' என்று ஏச்சு வாங்குகிறார்கள்.

முன்பு வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். 1999இல் நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, படுக்கை ஓய்வால் கூடுதல் பயனில்லை என்று காட்டியது. இன்று, இயன்றவரை நடமாடச் சொல்கிறார்கள். பலருக்குச் சத்திரசிகிச்சை இன்றியே சில வாரங்களில், மாதங்களில் குணமாகிறது. ஆனால் மலசலம் கழிக்கும் பகுதி விறைத்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ, அடக்க முடியாமற் போனாலோ, கால்கள் பலமிழந்தாலோ விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கணக்குப் பார்ப்பவன் சொல்கிறேன்: எழுதாமல் விட்ட செலவு இல்லாமற் போவதில்லை, பின்னர் வட்டியோடு வரும். கடையில் பெட்டி தூக்கும் மகனோ, விளையாடிவிட்டு வரும் மகளோ 'நாரி நோகுது, காலுக்கும் இறங்குது' என்றால், முதலில் நம்புங்கள். என்னை ஒருவர் நம்பியிருந்தால் அந்த எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.