பி. எச். அப்துல் ஹமீத்

பி. எச். அப்துல் ஹமீத் இலங்கைத் தமிழ் வானொலி அறிவிப்பாளர், நாடக நடிகர், தொலைக்காட்சித் தொகுப்பாளர். கொழும்பில் பிறந்தவர். சிறுவயதிலேயே இலங்கை வானொலியின் நிகழ்ச்சிகளில் பங்கேற்று, பின்னர் அங்கேயே அறிவிப்பாளரானார். அவருடைய குரல் கடல் தாண்டி ஒலிக்க முதற்காரணம் டெல்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குத் திரைப்பாடல்கள் பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய இல்லாமற்போயின. கொழும்பில் 1950இலேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்ததால், பாட்டுக் கேட்க விரும்பியோர் அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினர். இந்தி நேயர்களுக்கு அமீன் சயானி கிடைத்தார். தமிழ் நேயர்களுக்கு எஸ். பி. மயில்வாகனன். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னும் பலர் கொழும்பை விடவில்லை. சிற்றலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். பேட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் இருந்தால் போதும். கள்ளக்குறிச்சி போன்ற உள்நாட்டு ஊருக்கும், கல்வராயன் மலையின் மின்சாரம் எட்டாத சிற்றூருக்கும் கடலுக்கு அப்பாலுள்ள நிலையம் பக்கத்து வீடுதான்.

மயில்வாகனனுக்கு அடுத்த தலைமுறையில் இருவர் பெரும்புகழ் பெற்றனர். கே. எஸ். ராஜா மின்னல் வேகத்தில் பேசுவார். அப்துல் ஹமீத் நிதானமானவர். ழகர, ளகர, லகரங்கள் அவர் வாயில் குழம்பியதில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்கு மாணவர்கள் இன்றும் அவர் பதிவுகளைக் கேட்கலாம்.

அவருடைய நாடகப்பணி தமிழ்நாட்டில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வானொலித் தொடரில் நால்வர் நான்கு விதமான தமிழ் பேசினர். முஸ்லிம் வணிகர் மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். சிங்களவர் உபாலியாக செல்வசேகரன் வந்தார். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, டி. ராஜகோபால். பிராமணத் தமிழ் பேசும் ஐயராக வந்தவரோ அப்துல் ஹமீத்! ஒருவர் மொழியை மற்றவர் பேசிச் சிரிக்கவைத்த இத்தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. ஏழே ஆண்டுகளில், 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டனர். பின்னர் கே. எஸ். ராஜா கொல்லப்பட்டார்.

போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் இலங்கை வானொலியின் செல்வாக்கு மங்கியது. அப்துல் ஹமீத் மட்டும் வேறு வழியாகத் திரும்பி வந்தார். வானொலியில் அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' 1990களில் சன் தொலைக்காட்சிக்கு வந்தது. கொடுக்கப்படும் எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலைப் போட்டியாளர் பாட வேண்டும். எளிய விளையாட்டுதான், ஆனால் எழுத்தைச் சொல்லும்போதே தமிழ் நெடுங்கணக்கு நடுக்கூடத்தில் ஒலித்தது. குறிலுக்கு நெடில் பாடினால் அவர் விடமாட்டார். புலம்பெயர் தமிழர் வாழும் நாடுகளிலும் இந்நிகழ்ச்சி மேடையேறியது. 2000இல் 'தெனாலி' படத்தில் தோன்றினார்.

தம் அனுபவங்களை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலாக எழுதியுள்ளார்.