கண்ணும் கல்பும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் தமிழ் மக்களிடையே வழங்கிவரும் முதுமொழி. காட்சி பிழைபடும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு நெறியில் நிறுவிய பெருமை, கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அவர்களைச் சாரும். தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒரு பகுதியை அவர் ஒதுக்கினார். கண் பெறுவது ஒளியும் நிறமுமே. தொலைவையும் பருமனையும் உள்ளமே முன்னறிவோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. அத்தீர்மானத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல், மார்க்கச் சட்டக் கலையில் நாம் நன்கறிந்த ‘கியாஸ்’ என்பதேயாகும்.

அவ்வாறாயின், கண்ணுக்கு வேண்டிய அடையாளங்களை மட்டும் அளித்து, இல்லாத உலகொன்றை இருப்பதாக உணரச் செய்ய இயலுமன்றோ? நம் காலத்துப் பல்கலைக்கழகங்கள் கணிப்பொறியைக் கொண்டு இதனை ஆராய்ந்தன. அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் பாப் ஸ்ப்ரௌலின் துணையோடு உருவாக்கத் தொடங்கிய, தலையில் அணியும் கருவியைப் பற்றி 1968-இல் ஆய்வுரை வெளியிட்டார். அதில் கண்ணுக்கொன்றாக இரு சிறு படக்குழாய்கள் இருந்தன. கூரையிலிருந்து தொங்கிய தண்டு தலையின் அசைவை அளந்து கூற, கணிப்பொறி அதற்கேற்பக் கோட்டுருவங்களை மாற்றி வரைந்தது. அணிந்தவர் நகர்ந்தால், அந்தரத்தில் நிற்கும் கனசதுரத்தின் மறுபக்கம் தெரியும்.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் மைக்கேல் மீஹன், பிரெடரிக் புரூக்ஸ் முதலியோர் நடத்திய சோதனை 2002-இல் வெளியாயிற்று. கருவியணிந்தவர் அடுத்த அறைக்குள் நுழைந்ததும் எதிரே 20 அடிப் பள்ளம் விரியும். பள்ளம் பொய்த்தோற்றம் என்பது அவருக்குத் தெரியும். எனினும் இதயத் துடிப்பு விரைந்தது. பாதத்தின் கீழ் ஒன்றரை அங்குல உயரமே உள்ள மெய்யான பலகையொன்றை வைத்து, அதன் விளிம்பை உணரச் செய்தபோது அத்துடிப்பு மேலும் மிகுந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பொய்யென்று அறிவு சொன்ன பின்னும் கல்பு நடுங்குகின்றது. எனவே, இத்தகைய காட்சிகளைப் படைப்போரிடம் பிறருடைய அச்சமும் ஆசையும் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டுள்ளன.

அந்த அமானிதம் பேணப்பட்டதற்கும் சான்று உண்டு. சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீக்காயமுற்றோருக்காகப் பனி உலகொன்றை அமைத்தனர். புண்ணைத் தூய்மை செய்யும் கொடிய வேளையில், நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் மிதந்து பனியுருண்டைகளை எறிகின்றார். கவனம் அங்கே ஈர்க்கப்படுவதால் வலி குறைந்ததாக நோயாளிகள் கூறினர். 2004-இல் வெளியான மூளைப் படச் சோதனையும், வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிந்ததைக் காட்டிற்று.

பயனளிக்கும் கல்வியை வேண்டி இறைவனிடம் கையேந்தக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தொலைவில் இக்கருவிகள் வந்துவிட்டன. பள்ளமும் பனியும் ஒரே கலையின் இரு தோற்றங்கள். எதனைக் காட்டுகின்றது என்று கேட்பதோடு அமையாது, காண்போரின் கல்பை என்ன செய்கின்றது என்றும் விசாரிப்பது பெற்றோரின் கடமையாகும்.