வைன் குடித்தால் சீலியாக் நோயாளிக்கு ஆபத்தா? ‘ஹோம்மேட்’ ஜாடிக்குள் போகும் ஒரு கைப்பிடி கோதுமை!

திராட்சையில் குளூட்டன் கிடையாது. பிளம்ஸில் கிடையாது, பேரிக்காயிலும் கிடையாது. அப்படியிருக்க, குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகள் சிலர் ஒரு கிளாஸ் வைன் குடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது ஏன்?

கொடைக்கானல், பேத்துப்பாறை பக்கம் டூர் போய் தங்குபவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காரணம், மலையில் காதில் விழும் ‘ஹோம்மேட் வைன்’ என்ற வார்த்தை.

சீலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய அமைப்புகள் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், ரத்தசோகை, எடை குறைவு எல்லாம் அதன் பின்னால் வரும். இது சாதாரண அலர்ஜி இல்லை. மாத்திரை போட்டு சரிசெய்யவும் முடியாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் சிகிச்சை.

“அதெல்லாம் சப்பாத்தி சாப்பிடுற வடக்கத்திக்காரங்களுக்குத்தானே?” என்று கேட்கலாம். பாதி உண்மை. 23,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், வட இந்தியாவில் 1,000 பேருக்கு 8.53 பேர் என்ற அளவில் சீலியாக் இருந்தது. தென்னிந்தியாவில் வெறும் 0.11. ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில். அங்கே ஒருவர் நாளைக்கு சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம். இட்லியும் சோறும் நம்மைக் காப்பாற்றி வந்திருக்கின்றன போல. பரோட்டா கடைகள் பெருகிவிட்ட இன்றைக்கு அது எவ்வளவு நாளைக்கு என்பது வேறு கதை.

வைனுக்குள் குளூட்டன் எப்படி வருகிறது?

கம்பெனி வைனில் வாய்ப்பு ரொம்பக் குறைவு. பழைய முறையில் ஓக் மரப் பீப்பாய்களின் இடுக்கை அடைக்க கோதுமை மாவுப் பசை பூசுவார்கள். வைனைத் தெளிய வைக்க கோதுமைப் புரதம் சேர்ப்பதும் அரிதாக உண்டு. பீப்பாயில் வைத்த வைன்களைப் பரிசோதித்தபோது, குளூட்டன் இருந்தாலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்வதற்கான வரம்புக்குக் கீழேதான் இருந்தது. அந்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே வைத்திருக்கிறது.

வீட்டு வைன் விஷயம் வேறு. கேரளா, கோவா, தமிழ்நாடு என கிறிஸ்துமஸுக்கு வைன் போடும் வீடுகளின் செய்முறையைக் கேட்டுப் பாருங்கள். பழம், சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு... கூடவே ‘ஒரு கைப்பிடி கோதுமை’. ஈஸ்ட் நன்றாக வேலை செய்யும், வைனுக்கு கிக் ஏறும் என்பது வீடுகளில் சொல்லும் காரணம். திராட்சை, பிளம்ஸ், பீட்ரூட், நெல்லிக்காய் என எந்த வைனாக இருந்தாலும் இந்தக் கைப்பிடி போகலாம்.

“வடிகட்டிட்டோம்ல, கோதுமை போயிடுச்சே!” என்பார்கள். கோதுமை மணிதான் போகும். வாரக்கணக்கில் ஊறியதில் புரதமும் அதன் துணுக்குகளும் வைனில் கலந்திருக்கும். விஸ்கி போன்றவற்றைக் காய்ச்சி வடிக்கும்போது ஆவி மட்டும் மேலே போவதால் புரதம் கீழேயே தங்கிவிடும். வைன் காய்ச்சி வடிப்பதில்லை. வெறும் நொதித்தல்தான். நொதித்த பானத்தில் உடைந்துபோன குளூட்டனை வழக்கமான டெஸ்ட்டும் சரியாகக் கணக்கிடாது. எனவே அந்த ஜாடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பதே 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே அந்த பாட்டிலில் லேபிளைத் தேடுவதில் அர்த்தமில்லை.

குளூட்டன் இல்லாமலும் ஒத்துக்காமல் போகுமா?

போகும். குடித்த சில நிமிடங்களில் மூக்கடைப்பு, தும்மல், முகம் சிவப்பது, மூச்சு இழுப்பது என்றால் வைனில் இருக்கும் சல்பைட், ஹிஸ்டமின் போன்றவை காரணமாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்பைட் கூடுதல் தொல்லை. ஆல்கஹாலே குடலை எரிச்சலூட்டும் பொருள்தான். சீலியாக் இருப்பதைப் புதிதாகக் கண்டுபிடித்து, குடல் இன்னும் ஆறாமல் இருப்பவர்களை அது சும்மா விடாது.

குளூட்டன் உள்ளே போயிருந்தால், ஓரிரு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி தொடங்கி, வயிற்றுப்போக்கும் சோர்வும் நாள்கணக்கில் நீளலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் குடல் சேதமாகும். “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று அடுத்த கிளாஸை நீட்டுவது அதனால்தான் ஆபத்து.

வைன் மேல் பழியைப் போடும் முன் உடன் சாப்பிட்டதையும் யோசிக்க வேண்டும். கேக், கட்லெட் மேல் போட்ட ரஸ்க் தூள், ஏன், சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயம்கூட! அதில் கோதுமை மாவு சேர்ப்பது சகஜம். பீரில் பார்லி இருப்பதால் சீலியாக் உள்ளவர்களுக்கு சாதாரண பீர் அறவே ஆகாது.

சந்தேகம் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

வயிறு, குடல் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். டிடிஜி எனும் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலில் எடுக்கும் சதைப் பரிசோதனையும் நோயை உறுதி செய்யும். முக்கியமாக, டெஸ்ட்டுக்கு முன்னாடியே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் ரிசல்ட் நார்மல் என்று வந்துவிட வாய்ப்பு உண்டு.