வேதியியற் கலைச்சொற்களும் கம்பம் பள்ளத்தாக்கின் தொழில் வழக்கும்

வேதியியலைத் தமிழில் எழுதப் புகுந்தோர்க்கு அக்கலையின் பெயரே முதல் இடராயிற்று. 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர் சாப்மனைக் கொண்டு பெயர்ப்பித்துத் தாம் திருத்திய நூல் 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரோடு வெளிவந்தது. பின்னர் 'இரசாயனம்' நெடுநாள் ஆட்சி பெற்றது. இந்நாளில் நிலைபெற்றுள்ள 'வேதியியல்', ஓர் உலோகத்தைப் பிறிதொன்றாக மாற்றுதலைக் குறிக்கும் 'வேதித்தல்' என்னும் சித்தர் வழக்கினின்று கொள்ளப்பட்டது. செம்பைப் பொன்னாக்க முயன்றோர் சொல், அம்முயற்சி பொருந்தாது என்று காட்டிய கலைக்கே பெயரானமை சுவையுடைத்து.

கிறீன் கைக்கொண்ட நெறி தெளிவானது. தமிழிற் சொல் உளதாயின் அதனைக் கொள்க. இலதாயின் வடமொழியிற் காண்க. அங்கும் இலதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் வரைக என்பது அது. 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொற்களுக்கெனக் கண்ட சங்கமும் அதன் இதழும், 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற் றொகுதியும் இவ்வரலாற்றின் அடுத்த படிகள். ஈழத்தார் பின்னாளில் ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு எனத் தமிழொலிக்கு இயைய எழுதினர். தமிழகப் பாடநூல்கள் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என வரைந்தன. இவற்றைப் பற்றிய பூசல்கள் பெரும்பாலும் சொல் எம்மொழிக்குரியது என்னும் வினாவிலேயே நின்றன. அச்சொல் எத்தொழிலோர் வாயில் உளது என்னும் வினா அத்துணை எழவில்லை. அவ்வினாவைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இப்பள்ளத்தாக்கின் வளத்துக்குக் காரணமான பெரியாற்றணை 1887-இல் தொடங்கி 1895-இல் முற்றுப்பெற்றது. பென்னிகுயிக் அதனைக் கட்டியது சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு என்பது யாவரும் அறிந்ததே. சுர்க்கி என்பது சுட்ட செங்கற்பொடி. செந்நிறம் குறித்த பாரசீகச் சொல்லின் திரிபு. வெறுஞ் சுண்ணச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்கா சேர்ந்தவழியோ, சுண்ணம் அதனோடு வினைபுரிந்து நீரினுள்ளும் இறுகுகின்றது.

இத்தொழிலுக்கு அடிப்படையான வினைச்சொல் 'நீற்றுதல்'. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுடுதலும் நீற்றுதலே. சுட்ட கல்லில் நீர் தெளித்துப் பொடியச் செய்தலும் நீற்றுதலே. முன்னதிற் கரியமில வாயு நீங்குகின்றது. பின்னதில் நீர் கூடுகின்றது. பாடநூலார் பின்னதனை 'நீற்றுச் சுண்ணாம்பு' என்னும் தொடரிற் காத்தனர். முன்னதனைக் குறிக்க வேண்டிய உலோகவியற் பகுதியிலோ 'காற்றில்லா வறுத்தல்' என்று நீட்டி எழுதினர். சித்த மருத்துவர் பற்பம் முடிக்குங்கால் நாள்தோறும் ஆளும் சொல் கையிலிருக்க, அடுக்களைச் சொல்லுக்கு அடைமொழி கூட்டியது ஏன்? ஒரு சொல் இருவினைகளைக் குறித்தலின் மயக்கம் தரும் என அஞ்சினர் போலும். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் மயங்கும் சொற்களை வரையறுத்துப் பிரித்தல் இயலாததன்று என்பதற்கு வேளாண்மைத் துறையிலேயே சான்றுண்டு.

'களர்', 'உவர்' என்பன அகராதிகளில் ஏறத்தாழ ஒருபொருட் சொற்கள். வேளாண் அறிவியலார் அவற்றைக் கூறுபடுத்தினர்: கரையும் உப்பு மிக்கது உவர்நிலம், சோடியம் மிகுந்து காரத்தன்மையுற்றது களர்நிலம். முன்னதனை நன்னீர் பாய்ச்சி வடித்துத் திருத்துவர். பின்னதற்கு ஜிப்சம் இடுவர். பெயர் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும். புறநானூற்று 311-ஆம் பாட்டில் ஆடை வெளுப்பவள் களர்நிலத்துக் கூவல் தோண்டுதல் கூறப்படுகின்றது. அழுக்கை நீக்குதற்குக் காரநீரே ஏற்றது ஆதலின், இற்றை வரையறை பண்டை வழக்கோடு முரணாமை காண்க.

இனி, திராட்சைப் பந்தல்களுக்கு வருவாம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களிற் பயிராகும் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடியைப் பற்றும் சாம்பல் நோய்க்கு 'நனையும் கந்தகம்' தெளிப்பர். இப்பெயர் எத்துணை எளிது! நீரிற் கரையாது பரவி நிற்கும் பொடி என்பது சொல்லிலேயே விளங்குகின்றது. அடிச்சாம்பல் நோய்க்கு உரியது போர்டோ கலவை. பிரான்சு நாட்டுப் போர்டோவில் மில்லார்தே 1885-இல் அறிவித்தது. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் வேண்டும். கலந்தபின் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் தோய்த்துப் பார்ப்பர். செந்நிறப் படிவு தோன்றின், சுண்ணாம்பு குறைந்து செம்பு தனித்துக் கரைந்துள்ளது என்று உணர்ந்து மேலும் சுண்ணாம்பு கூட்டுவர். இன்றேல் இலை கருகும். வேதியியல் வகுப்பில் இதுவே 'இடப்பெயர்ச்சி வினை'. இரும்பு செம்பை வெளியேற்றுதலைத் தந்தையின் தோட்டத்திற் கண்ட மாணவன், பாடநூலில் 'காப்பர் சல்பேட்' என்று படிக்குங்கால் அது மயில்துத்தமே என்று அறியாது தேர்வெழுதுதல் கூடும். இஃது அறியாமையன்று, இரு பெயர்க்கும் இடையே பாலம் இடப்படாமையே.

தொழில்வழக்கு முழுவதும் ஏற்கத்தக்கது எனக் கூறுகின்றோமல்லோம். 'காரம்' என்னும் சொல்லையே நோக்குக. வெண்காரம் நீரிற் காரத்தன்மை காட்டும். சீனக்காரமோ அமிலத்தன்மை காட்டும். சந்தை இரண்டையும் காரம் என்கின்றது. அடுக்களை மிளகாயை அவ்வாறு கூறுகின்றது. நாவுக்கு உறைப்பதையும் சிவப்பு லிட்மசை நீலமாக்குவதையும் ஒரு பெயராற் சுட்டுங்கால் தொடக்கநிலை மாணவர் இடர்ப்படுதல் இயல்பே. நீரிற் கரையும் காரத்தை 'எரிகாரம்' எனப் பாடநூலார் பிரித்தது நன்று. எனினும் சீனக்காரத்தின் பெயர் பொருளொடு முரணுதலைக் குறித்து ஒரு வரியேனும் அப்பாடத்திற் சேர்த்தல் வேண்டும்.

1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியபின் இப்பள்ளத்தாக்கின் மாணவர் உயர்கல்விக்கு மதுரை செல்லும் தேவை குறைந்தது. இத்தகைய கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வேதியியற்றுறையும் கூடித் தொகுத்தற்குரிய சொற்கள் காளவாயிலும் பந்தலிலும் நாட்டுமருந்துக் கடையிலும் உள்ளன. அன்னபேதி, நவச்சாரம், வெடியுப்பு என்பவற்றைக் கடைக்காரர் இன்றும் பெயர் கேட்டே எடுத்துத் தருகின்றனர். அப்பெயர்க்கு நேரே பாடநூற் பெயரை எழுதி வைத்தலே முதற்பணி.