கங்கைச் சமவெளியின் பாதைகள்

இந்திய மாநிலங்களுள் மக்கட்டொகையிற் பெரியது உத்தரப் பிரதேசம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 20 கோடியினர். இத்துணைப் பெரிய நிலப்பரப்பின் வரலாற்றை அரசர்களின் பெயர்களால் எழுதுவது வழக்கம். மன்னர்கள் பெயரளவில் வந்து போனார்கள். ஊர்களை வாழச் செய்தவையும் வாடச் செய்தவையும் பாதைகளே. அவ்வகையில் அதன் வரலாற்றைப் பாதைகளால் எழுதினாலும் தவறாகாது.

அம்மாநிலத்தின் மூத்த பாதை கங்கை நதியாகும். நிலத்திலும் பாதைகள் இல்லாமற் போகவில்லை. 1540 முதல் 1545 வரை ஆண்ட சேர்ஷா, வங்காளத்திலிருந்து சிந்து நதி வரை சென்ற பழைய பெருவழியைச் செப்பனிட்டு, வழி நெடுகிலும் மரங்களை நட்டு, இரண்டு குரோச தூரத்துக்கு ஒரு சத்திரம் அமைப்பித்தான். முகலாயர் அதே வழியில் உயர்ந்த தூண்களை நாட்டித் தொலைவை அறிவித்தனர். ஆயினும் மழைக்காலத்தில் மாட்டுவண்டி அச்சு வரை சேற்றில் அமிழ்ந்து நிற்கும் நாட்டில், பாரமான சரக்கெல்லாம் தோணியிலேதான் சென்றது. நீரோட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்வது எளிது. எதிர்த்து மேலே வருவதுதான் பெரும்பாடு. காற்று ஒத்துழையாத போது, தோணிக்காரர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தே செல்வர். கல்கத்தாவிலிருந்து அலகாபாத் வந்துசேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

1834ஆம் ஆண்டில் இந்நிலை சற்று மாறியது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுப் பகுதி பகுதியாகக் கொணர்ந்து கல்கத்தாவில் பூட்டப்பட்ட ஓர் இரும்பு நீராவிக் கப்பல், பெண்டிங்கு பிரபுவின் பெயரைத் தாங்கி அலகாபாத் வரை ஓடத் தொடங்கியது. பயணிகள் அதில் ஏறுவதில்லை. அதன் பின்னே கட்டி இழுக்கப்படும் தட்டையான தனிப்படகிலேதான் இருப்பார்கள். மாதக்கணக்கான பயணம் வாரக்கணக்காயிற்று. ஆனால் கட்டணம் மிக அதிகம். அதனால் உத்தியோகத்தரும் அரசாங்கப் பணமும் விலையுயர்ந்த பொருள்களுமே கப்பலிற் சென்றன. பருத்தியும் தானியமும் பழைய தோணிகளையே நம்பியிருந்தன.

அந்தத் தோணிகளால் வாழ்ந்த நகரம் மிர்சாப்பூர். காசிக்கு மேற்கே, கங்கையின் தென்கரையில் உள்ளது இவ்வூர். தக்கணத்திலிருந்து வரும் பெருவழி இங்கேதான் கங்கையைத் தொட்டது. நாகபுரி, பீரார்ப் பகுதிகளின் பருத்தி, பொதிமாடுகளின் முதுகில் விந்தியத்தைக் கடந்து மிர்சாப்பூரை அடையும்; அங்கே தோணியில் ஏறிக் கல்கத்தாவுக்குப் போகும். வணிகர் செல்வம் கொழித்தது. அச்செல்வம் ஆற்றங்கரையிலே செதுக்கு வேலைப்பாடு மிக்க கல் படித்துறைகளாக உருக்கொண்டது. வடஇந்தியாவில் அதற்கு நிகரான பருத்திச் சந்தை அக்காலத்தில் வேறில்லை என்று சொல்லத்தகும் நிலையில் அது இருந்தது.

புகையிரதம் வந்தது. 1859ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே, சுமார் 120 மைல் தூரத்துக்கு, முதல் வண்டி ஓடியது. அப்போது இப்பாதைக்குக் கல்கத்தாவோடு தொடர்பு இல்லை. தனித்துக் கிடந்த துண்டு அது. ஆகவே அதற்கு வேண்டிய தண்டவாளங்களும் எந்திரங்களும் கங்கை வழியாகத் தோணிகளிலேதான் வந்தன. தம் தொழிலை விழுங்கப்போகும் பொருளைத் தோணிக்காரரே கூலிக்கு ஏற்றி வந்து கரை சேர்த்தனர். வரலாற்றில் இத்தகைய விளையாட்டுகள் அருமையல்ல.

அதுவரை பாதையாக இருந்த நதி அன்றுமுதல் தடையாயிற்று. கல்கத்தாவிலிருந்து வந்த புகையிரதப் பாதை யமுனையின் தென்கரையில் நயினியில் நின்றுவிட்டது; பயணிகள் அங்கே இறங்கி ஓடத்தில் ஆற்றைக் கடந்தார்கள். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நயினிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அத்துன்பம் நீங்கியது. அப்பாலம் இரண்டு தட்டுகள் கொண்டது. மேலே புகையிரதம், கீழே மக்களும் வண்டிகளும். அதன் அடித்தளம் அமைத்த முறை கவனிக்கத்தக்கது. கங்கைச் சமவெளியில் எவ்வளவு தோண்டினாலும் பாறை கிட்டாது. மணலும் களியுமே உண்டு. எனவே ஆற்றின் நடுவே செங்கல்லால் வட்டமாகக் கிணறு கட்டி, உள்ளிருக்கும் மணலைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். தோண்டத் தோண்டக் கிணறு தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இறங்கியதற்கேற்ப மேலே கட்டிச் செல்வார்கள். போதிய ஆழம் சென்றதும் உள்ளே நிரப்பித் தூணை எழுப்புவார்கள். இது மேலைநாட்டு எந்திர நூல்களிலிருந்து வந்த புதுமையன்று. இந்நாட்டுக் கொத்தரும் கிணறு வெட்டுவோரும் நெடுங்காலம் அறிந்திருந்த வித்தை. பாலத்தின் பெருமையை இஞ்ஞினியர்களுக்கே முழுவதும் கொடுத்துவிடுதல் நியாயமாகாது.

காசிக்குப் பாலம் வந்தது 1887இல். டபரின் பிரபுவின் பெயர் பூண்டிருந்த அப்பாலம் 1948 முதல் மாளவியா பாலம் எனப்படுகிறது. அதுவரை கிழக்கிலிருந்து வந்த யாத்திரிகர் எதிர்க்கரையில் இறங்கி, ஓடத்திலோ தோணிகளை இணைத்த பாலத்திலோதான் கங்கையைக் கடந்தனர். தமிழகத்திலிருந்து காசிக்குப் போவோர் திரும்பி வருவது ஐயம் என்று எண்ணி உறவினரிடம் விடைபெற்ற காலம் அதனோடு மறையலாயிற்று.

மிர்சாப்பூர் என்னவாயிற்று? புகையிரதம் அவ்வூரையும் தொட்டே சென்றது. ஆனால் 1867இல் அலகாபாத்திலிருந்து ஜபல்பூருக்குப் பாதை போடப்பட்டு, 1870இல் அது பம்பாயோடு இணைந்ததும், தக்கணத்துப் பருத்திக்கு விந்தியத்தைக் கடந்து வரவேண்டிய தேவை அற்றுப்போயிற்று. வணிகர் சிலர் கான்பூருக்குப் பெயர்ந்தனர். அங்கே 1860களிலேயே பருத்தி ஆலையும் படைக்கு வேண்டிய தோற்பொருள் தொழிற்சாலையும் எழுந்திருந்தன. மிர்சாப்பூருக்குக் கம்பள நெசவும் பித்தளைப் பாத்திரமும் எஞ்சின. படித்துறைகளில் தோணிகள் குறைந்தன. குளிப்போர் மட்டும் குறையவில்லை.

காக்ரா நதிக்கு வடக்கே உள்ள பகுதிகள் வேறொரு தொல்லையை அனுபவித்தன. செலவைச் சுருக்கும் பொருட்டு அங்கே ஒரு மீற்றர் அகலமுள்ள குறுகிய பாதை போடப்பட்டது. அகலப் பாதையின் பெட்டி அதில் ஓடாது. ஆதலால் சந்திப்பு நிலையங்களில் ஒவ்வொரு மூட்டையும் கூலிகளின் தலையில் ஏறி மறு வண்டிக்கு மாறியது. இலட்சுமணபுரியில் இரு புகையிரத நிலையங்கள் அருகருகே நிற்பது இந்தச் சிக்கனத்தின் விளைவே. கோரக்பூரின் முக்கிய பாதை 1980களின் தொடக்கத்தில்தான் அகலமாக்கப்பட்டது.

புகையிரதம் எட்டாத கிராமங்களுக்கு மோட்டார் பஸ் சென்றது. 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் இலட்சுமணபுரிக்கும் பாராபங்கிக்கும் இடையே அரசாங்க பஸ் சேவை தொடங்கியது. 2012இல் யமுனை அதிவேகப் பாதையும், 2016இல் ஆக்கிராவையும் இலட்சுமணபுரியையும் இணைக்கும் 302 கிலோமீற்றர்ப் பாதையும் திறக்கப்பட்டன. சேர்ஷாவின் வழி ஊர்களைத் தேடிச் சென்றது. இவை ஊர்களை விலக்கிச் செல்கின்றன.

நதியையும் அரசாங்கம் முற்றாக மறந்துவிடவில்லை. 1986இல் அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரையான 1,620 கிலோமீற்றர் நீர்வழி, முதலாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு நவம்பரில், கல்கத்தாவிலிருந்து கொள்கலன்களை ஏற்றிய கப்பலொன்று மாளவியா பாலத்தின் கீழாகச் சென்று காசிக்கு எதிரே ராம்நகர்த் துறையை அடைந்தது. அவ்விடத்திலிருந்து இன்னும் மேலே, ஆற்று வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது மிர்சாப்பூர். அக்கப்பல் அதுவரை செல்லவில்லை.