விருந்துக்குக் கட்டிய வீடுகள்

காரைக்குடியைச் சுற்றி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பழைய வீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாக இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை நகரத்தார் என்னும் செட்டியார்கள் கட்டியவை இவை. கட்டியவர்களில் பலர் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போய், ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தவர்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று ஏதாவது வந்தால் பங்காளிகளும் சம்பந்திகளும் கூடுவார்கள். வீடு அன்றைக்குத்தான் நிறையும்.

அமைப்பிலேயே இது தெரியும். திண்ணையும் முகப்பும் ஆண்கள் வந்தவரோடு பேசவும் கணக்கு வழக்குப் பார்க்கவும். அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு. அதைச் சுற்றி வரிசையாகச் சிறு அறைகள்; கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. மகனையும் மருமகளையும் ‘வேறு வைத்த’ பிறகு அவர்களுக்குச் சமையலும் தனி. அந்த அறை பெரும்பாலும் சாமான் வைக்கத்தான். மருமகள் கொண்டுவந்த வெள்ளி, பித்தளை, எனாமல் பாத்திரங்களே அதை அடைத்துக்கொள்ளும். படுக்கையோ முற்றத்தோரம் காற்று வரும் பத்தியில். அடுத்த கட்டில் பந்திக் கூடம், அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணற்றடியும். வசதி மிகுந்த வீடுகளில் கல்யாணக் கொட்டகையும் உண்டு.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. தரைக்குப் பூக்கல் மட்டும் பக்கத்து ஆத்தங்குடியில் கிடைத்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர்ப்பூச்சு, விரல் வைத்தால் வழுக்கும்.

இத்தனைக்கும் பணம் தந்தது பெரும்பாலும் பர்மா நெல். கீழ்ப் பர்மாவை 1852இல் ஆங்கிலேயர் பிடித்த பின் அங்கே நெல் சாகுபடி பெருகியது. உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடான நிலம் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1938இல் 25. கேட்டது பணம், கிடைத்தது வயல். அந்த வயலும் தங்கவில்லை. 1942இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது.

வருமானம் நின்றதும் வீடுகள் பூட்டப்பட்டன. பல வீடுகள் பிரித்தே விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் நிலைக்கதவும் பாத்திரமும் இந்த வீடுகளிலிருந்துதான் போயின.

விடுதி முயற்சி 1990களின் இறுதியில் ‘தி பங்களா’வோடு காரைக்குடியில் தொடங்கியது. அது வளவு வீடே அல்ல. ஒரு காலத்தில் செட்டியார்கள் கூடிய கிளப். வாழை இலைச் சாப்பாடுதான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. பின்னர் கானாடுகாத்தானில் ‘விசாலம்’ வந்தது. தந்தை ஒருவர் தம் மகளுக்காக 1930களில் கட்டிய வீடு அது. இப்போது கேரள நிறுவனம் ஒன்று நடத்துகிறது. கடியாப்பட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் செப்பனிட்ட ‘சாரதா விலாஸ்’ என்று வரிசை நீண்டது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் ஏறின.

விருந்துக்கென்றே கட்டிய வீட்டை விடுதியாக்குவது எளிது என்று தோன்றும். ஆனால் சாமான் அறையில் கட்டில் போட வேண்டும். கிணற்றடியில் குளித்த வீட்டில் அறைதோறும் குளியலறை வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பங்கு. தலைமுறைதோறும் வளவின் அறைகள் பிரிந்துகொண்டே போக, ஒரே வீட்டுக்குப் பல பத்துப் பேர் உரிமையாளராகிவிட்டார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள செட்டிநாட்டில் விடுதியானவை மிகச் சிலவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். மற்றவற்றில் பல, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கின்றன.